அம்மாவின் கவிதைகளுக்கு ஒரு தளம்: எச்டிஎம்எல் எங்கே கற்பது?

மழைத்துளி:

வணக்கம். அம்மா பல வருடங்களாக நோட்டில் எழுதி வைத்திருக்கும் கவிதைகளை ஒரு தளமாகப் போட வேண்டும் என்று ஆசை. ரெடிமேட் வலைப்பூ வேண்டாம், பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதை நானே முடிவு செய்ய வேண்டும். கவிதைகளை யூனிகோடில் டைப் செய்து முடித்துவிட்டேன். அதற்கு வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல் கற்க வேண்டும், ஆனால் புரோகிராமிங் சுத்தமாகத் தெரியாது.

யூடியூபில் தேடினால் ஒருவர் நேராக ரியாக்ட் என்ற புரோகிராமிங் கருவியைப் படி என்கிறார். இன்னொருவர் நாள் முழுக்க ஓடும் வீடியோ போட்டிருக்கிறார். ஒரு தளம் சென்டர், ஃபான்ட் என்ற டேக்குகளை (எச்டிஎம்எல்லில் எழுதும் குறிகள்) சொல்லித் தருகிறது, இன்னொரு தளம் அதையெல்லாம் தொடாதே என்கிறது. யாரை நம்புவது? காசு கட்டித்தான் படிக்க வேண்டுமா?

அப்புறம் ஒரு சந்தேகம். நோட்பேடில் ஒரு கவிதையை ஒட்டி, எச்டிஎம்எல் ஃபைலாகச் சேமித்து, பிரவுசரில் திறந்தேன். வரிகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பத்தியாக ஓடுகிறது. ஏன்?

குறுக்குவழி:

கவிதைத் தளத்துக்கு ரியாக்ட் எதற்கு? ஃப்ரீகோட்கேம்ப் என்ற பயிற்சித் தளத்துக்குப் போங்க, முழுக்க இலவசம். ஆரம்பப் பாடங்களிலேயே பூனைப் படங்கள் வைத்து ஒரு பக்கம் கட்டச் சொல்லும். அதை முடித்துவிட்டு வாங்க, பேசலாம்.

வரிக்குதிரை:

மழைத்துளி, முதலில் உங்கள் சந்தேகம். பிரவுசருக்கு நீங்கள் தட்டிய என்டரும் ஒன்றுதான், ஸ்பேஸும் ஒன்றுதான். எத்தனை என்டர் தட்டினாலும் ஒரே ஒரு இடைவெளியாகச் சுருக்கிவிடும். ஒவ்வொரு கண்ணியையும் பத்தியைக் குறிக்கும் பி டேக்குக்குள் வையுங்கள், கண்ணிக்குள் வரி முறியும் இடத்தில் பிஆர் டேக் போடுங்கள். பிஆர் டேக்கே கூடாது என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். பத்திகளுக்கு நடுவே இடம் விட அதைப் பயன்படுத்துவதுதான் தப்பு. கவிதையிலும் முகவரியிலும் வரி முறிவு என்பது உள்ளடக்கத்தின் ஒரு பகுதி. அதற்காகத்தான் அந்த டேக் இருக்கிறது.

சென்டர், ஃபான்ட் இரண்டும் 1999இல் வந்த எச்டிஎம்எல் 4.01 பதிப்பிலேயே தவிர்க்கச் சொல்லப்பட்டவை, இன்றைய தரத்தில் அறவே காலாவதி. பிரவுசர்கள் இன்னும் அவற்றைக் காட்டும், அதனால்தான் பழைய பாடங்கள் சரியானவை போலத் தெரிகின்றன. நிறம், எழுத்தளவு, நடுவில் நிறுத்துவது எல்லாம் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியின் வேலை. ஒரு பாடத்தைத் திறந்ததும் இந்த இரண்டு டேக்குகள் கண்ணில் பட்டால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எச்டிஎம்எல்6 என்று யாராவது பாடம் விற்றால் அங்கேயும் நிற்க வேண்டாம். இப்போதைய தரத்துக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. டபிள்யூஎச்ஏடிடபிள்யூஜி என்ற குழு அதைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே வருகிறது. 2019இல் வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியும் அந்த ஒரே தரத்துக்கு ஒத்துக்கொண்டது.

காசு கட்டத் தேவையே இல்லை. பயிற்சிக்கு ஒரு தளம், சந்தேகம் பார்க்க ஒரு தளம், அதற்கு மேல் சேர்க்காதீர்கள். பயிற்சிக்கு குறுக்குவழி சொன்னதே போதும். சந்தேகத்துக்கு மோசில்லாவின் எம்டிஎன். அங்கே ஒவ்வொரு டேக்குக்கும் தனிப் பக்கம் உண்டு: எதற்குப் பயன்படும், எதற்குள் வைக்கலாம், எந்த பிரவுசரில் வேலை செய்யும் என்று எல்லாம் இருக்கும். முதல் வாசிப்பில் கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கும். மேலே இருக்கும் உதாரணத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

இந்த இரண்டுமே சொல்லிக்கொடுத்து முடியாத ஒன்று இருக்கிறது. எச்டிஎம்எல்லில் தப்பு செய்தால் யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். பேரன் உடைத்ததை ஒளித்துவைக்கும் பாட்டி மாதிரி, பிரவுசர் எல்லாத் தப்பையும் தானே சரிக்கட்டிவிடும். இதைச் செய்து பாருங்கள்: ஒரு பி டேக்கைத் திறந்து, அதற்குள் ஒரு டிவ் டேக் (பக்கத்தில் ஒரு பகுதியைக் கட்டம் கட்டுவது) வைத்து, கடைசியில் பி-யை மூடுங்கள். பக்கம் ஒழுங்காகத்தான் தெரியும். இப்போது பி-க்கு சிஎஸ்எஸில் சிவப்பு நிறம் கொடுங்கள். டிவ்வுக்குள் இருக்கும் வரி மட்டும் கறுப்பாகவே நிற்கும்!

ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போனால் காரணம் தெரியும். பி-க்குள் டிவ் வரக்கூடாது என்பதால், டிவ்வைப் பார்த்த உடனே பிரவுசர் பி-யை மூடிவிட்டது. டிவ் வெளியே தனியாக நிற்கிறது. கடைசியில் நீங்கள் போட்ட மூடும் டேக்குக்கு ஜோடி இல்லை, அதற்காக வெறும் பி ஒன்றைத் தானே உண்டாக்கி வைத்திருக்கிறது. வியூ பேஜ் சோர்ஸில் தெரிவது நீங்கள் எழுதியது. இன்ஸ்பெக்டில் தெரிவது பிரவுசர் புரிந்துகொண்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கப் பழகினால் பாதி வீடியோக்கள் தேவைப்படாது.

அதோடு டபிள்யூ3சி நடத்தும் வேலிடேட்டர் என்ற தப்பு பார்க்கும் கருவி இருக்கிறது, அதுவும் இலவசம். ஃபைலை ஏற்றினால் எந்த வரியில் என்ன தப்பு என்று பட்டியல் தரும். பட்டியல் நீளமாக இருந்தால் பயப்படாமல் முதல் தப்பை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பெரும்பாலும் மற்றவை அதன் பின்னால் வந்தவைதான்.

குறுக்குவழி:

டபிள்யூ3ஸ்கூல்ஸை விட்டுட்டீங்களே? நான் அதில்தான் கற்றேன். பக்கத்திலேயே மாற்றி எழுதிப் பார்க்கும் பெட்டி இருக்கிறது, ஆங்கிலமும் எளிமை. எம்டிஎன்னைப் புதிதாக வருபவர் தலையில் கட்டுவது கொஞ்சம் அநியாயம்.

வரிக்குதிரை:

சரி, அந்தப் பெட்டிக்காக ஒத்துக்கொள்கிறேன். பெயரைப் பார்த்து அது டபிள்யூ3சி-யின் தளம் என்று நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சட்டென்று ஒரு டேக்கைப் பார்த்துக்கொள்ள நல்ல இடம். ஏன் அப்படி என்று கேள்வி வந்தால் எம்டிஎன்தான்.

மழைத்துளி:

இருவருக்கும் நன்றி. பூனைப் பக்கம் முடிந்தது. பி, பிஆர் போட்டதும் கவிதை கவிதையாகத் தெரிகிறது, அம்மா போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆனால் இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதிலாகக் கொம்பும் வாலும் வைத்த ரோமன் எழுத்துகள் வருகின்றன. அப்புறம், இதை இலவசமாக எங்கே ஏற்றலாம்?

வரிக்குதிரை:

ஃபைல் எந்தக் குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) இருக்கிறது என்று சொல்லாததால் பிரவுசர் ஊகித்திருக்கிறது. பக்கத்தைப் பற்றிய விவரங்கள் இருக்கும் ஹெட் பகுதியின் முதல் வரியாகவே மெட்டா டேக்கில் யுடிஎஃப்-8 என்று அறிவித்துவிடுங்கள். அந்த அறிவிப்பு ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும், அதனால் கீழே தள்ளாதீர்கள். சேமிக்கும்போதும் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். எச்டிஎம்எல் டேக்கில் மொழி தமிழ் என்று குறித்துவிட்டால், திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள்களுக்கு எந்த மொழிக் குரலில் வாசிக்க வேண்டும் என்று தெரியும்.

ஏற்றுவதற்கு நியோசிட்டீஸ் சுலபம்: இலவசக் கணக்கு, 1 ஜிபி இடம், பிரவுசரிலேயே திருத்தலாம். கிட்ஹப் பேஜஸும் இலவசம். ஆனால் இலவசக் கணக்கில் உங்கள் ஃபைல்கள் இருக்கும் ரெப்போ (சேமிப்பகம்) எல்லோருக்கும் திறந்துதான் இருக்க வேண்டும். அம்மா வெளியிட விரும்பாத வரைவுகளை அதற்குள் போட்டுவிடாதீர்கள்.

முகப்புப் பக்கத்தின் பெயர் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் இண்டெக்ஸ் என்றே இருக்கட்டும். படங்களின் பெயர்களையும் சின்ன எழுத்திலேயே, இடைவெளி விடாமல் வையுங்கள். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. கிட்ஹப் பேஜஸ் பார்க்கும். உங்கள் மெஷினில் தெரிந்த படம் அங்கே காணாமல் போனால் முதலில் இதைச் சரிபாருங்கள்.