ஓநாய்க் கூட்டத்தை எதிர்கொண்டவுக இங்கே எழுதுங்க

பகடைக்காரன்:
கோடை லீவுல கானாடுகாத்தான் பெரிய வீட்டுல ஆடின கதை ஆட்டத்தை (ஆளுக்கொரு வேசம் எடுத்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்துறது) பத்தி ஆளுக்கொரு பக்கம் பேசிக்கிட்டிருக்கீக. இங்கேயே எழுதிருங்க. புதுசா வர்றவுகளுக்குச் சுருக்கமா: மனிதர், குள்ளர், எல்ஃப் (கூர்க்காது வச்ச கதைச் சனம்) மூணு இனமும் சேர்ந்து கட்டின நகரம். ஓநாய் மக்களுக்கு உப்பளத்துல வேலை, நகரத்துக்குள்ள எடுபிடி. பொழுது சாய்ஞ்சா ஒவ்வொரு ஓநாயும் சாவடிக்குப் போய்க் கைரேகை வைக்கணும். அந்த ஓநாய்க நகரத்து மேல எந்திரிக்கிறதுதான் கதை. இந்த ரேகை விஷயத்தை நம்ம பக்கத்துலேருந்துதான் எடுத்தேன். 1871ல வெள்ளைக்காரன் வடக்கே போட்ட குற்றப்பரம்பரைச் சட்டம், 1911ல சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு. பொறப்பை வச்சே குற்றவாளி. ரேகை வைக்க மாட்டோம்னு நின்ன பெருங்காமநல்லூர் சனத்தை 1920 ஏப்ரல் 3ல சுட்டாக. இங்க அந்தச் சட்டம் ஒழிஞ்சது 1947லதான். நகரத்துக்குத் தனியா வரைபடம் போடச் சோம்பலாயிருந்துச்சு, அந்த வீட்டையே நகரமாக்கிட்டேன்.

அடுப்படி ஓநாய்:
எனக்கு விழுந்தது தண்ணி இறைக்கிற பொம்பளை ஓநாய். கேலி பண்ணினாக, பண்ணட்டும். மூணு இனத்துத் தளபதிகளும் முகப்புத் திண்ணையில உக்காந்து தெருவையே பாத்துக்கிட்டிருந்தாக. எங்க கூட்டம் வாளோட முன்வாசலுக்கு வரும்னு நெனப்பு. அந்த வீட்டுல முன்வாசல்ல நின்னு திரும்பினா வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி தாண்டிப் பின்தெரு வாசல் வரைக்கும் ஒரே நேரா தெரியும். திரும்ப ஒருத்தருக்கும் தோணலை! எந்தக் கதவு கிறீச்சிடும், எந்த அறைக்கு எந்தச் சாவி, வளவுல மழைத்தண்ணி பிடிக்கிற அண்டாவை எங்க நகர்த்தினா நடை அடைபடும், எல்லாம் எனக்குத் தெரியும். மூணு தலைமுறையா அந்த வீட்டைக் கூட்டினவ நான் (கதையிலதான்). பகடையில வெறும் 4 விழுந்துச்சு, கதவு திறக்க அது பத்தாது. இருந்தாலும் பின்வாசல் திறந்துச்சு, சாவிக்கொத்து என் இடுப்புலதானே கிடந்துச்சு. பகடைக்காரர் அரை நிமிசம் யோசிச்சுட்டு ஒத்துக்கிட்டாரு.

குள்ளன்:
பர்மா தேக்குத் தூணுக்குப் பின்னால கோடாலியோட நின்னேன். பல்லைக் காட்டிக்கிட்டு வரும்னு பாத்தா, "அண்ணே, தண்ணி வேணுமா?"ன்னு கேட்டுச்சு. தெனம் கேட்கிற மாதிரியே. பகடை உருட்டவே கை வரலை. அடுத்த சுத்துல கைதி.

தேவகோட்டைக்காரி:
"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்"னு நான் எல்ஃப் பக்கத்துலேருந்து நக்கலடிச்சுக்கிட்டிருந்தேன். பணியாரத்தோட வந்த பெரியாச்சி, "என்ன ஆட்டம்டி இது?"ன்னு கேட்டுட்டு அங்கேயே உக்காந்துட்டாக. கேட்டதும் அவுகளுக்கு ஆவுடையார்கோயில் நரிக்கதை ஞாபகம் வந்துருச்சு. நரியைப் பரியாக்கி மதுரைக்கு அனுப்பினாரு சாமி, ராத்திரி லாயத்துல எல்லாம் திரும்ப நரியாகி, நிசக் குதிரைகளைக் கடிச்சுப்புட்டு ஓடிப்போச்சு. "ராசாவுக்குக் குதிரை வேணும், மாணிக்கவாசகருக்குக் கோயில் வேணும். நரிக்கு என்ன வேணும்னு ஒருத்தராவது கேட்டாகளா?" கேட்டுட்டு உள்ள போயிட்டாக. அப்புறம் எனக்கு நக்கல் வரவே இல்ல. ஆனா எல்ஃபாத்தான் கடைசி வரை ஆடினேன், கட்சி மாறல.

உப்பளத்தான்:
நகரம் விழுந்ததைவிட அதுக்கப்புறம் நடந்த சண்டைதான் பெருசு, அதை யாருமே எழுதலை. சாவடியில ரேகைப் பேரேடு கிடைச்சுச்சு. எங்க தலைவர் அதைக் கொளுத்துவாருன்னு பாத்தேன். புதுப் பக்கம் புரட்டி, "இனிமே மனுசங்க ரேகை வைக்கட்டும்"னாரு. பாதிப் பேர் கைதட்டினாக. நானும் அடுப்படி ஓநாயும் எந்திரிச்சுப் பட்டாலைக் கூடத்துக்குப் போயிட்டோம். கோவம் நியாயம்தான், மறுக்கல. அதுக்காக, அடிபட்டவன் கையில அதே பேரேடு வந்தா அது வேற பேரேடு ஆகிருமா? தலைவரா ஆடினவரு இதுக்குப் பதில் சொல்லணும்.

பகடைக்காரன்:
தலைவர் இதுவரைக்கும் வாயே திறக்கலை. பேரேடு அவருகிட்டதான் இருக்கு. அடுத்த ஆட்டத்தை அந்தச் சாவடியிலேருந்தே ஆரம்பிக்கிறேன். மனிதரா ஆட மூணு பேர் வேணும், இன்னும் ஒருத்தரும் பேர் குடுக்கலை. உப்பளத்தாரே, நீங்க வர்றீகளா?