பந்தயப் பாயோட்டம் பழகினவர் பயணப் படகில ஏறேக்க

நீலக்கடல்:
வணக்கம். திருகோணமலை உள்துறைமுகத்தில லேசர் (ஒராள் ஓட்டுற சின்னப் பாய்ப்படகு) பந்தயம் ஓட்டுறனான். 38 அடிப் பயணப் படகொண்டில ஆளாகப் போகச் சந்தர்ப்பம் கிடைச்சிருக்கு. பந்தயத்தில படிச்சது எவ்வளவுக்குக் கைகொடுக்கும்? எதைப் புதுசாப் பழக வேணும்?

சுக்கான்:
பாய் பார்க்கிற கண் உங்களிட்ட இருக்கு தம்பி, அது பெரிய சொத்து. முன்பாயில காத்தோட்டம் காட்டக் கட்டியிருக்கிற நூல்களில காத்துப்பக்க நூல் எழும்பினா ஷீட்டை (பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறை) இழுக்க வேணும், மறுபக்க நூல் துடிச்சா இளக்க வேணும். பயணக்காரர் கனபேர் ஷீட்டை இறுக்கிக் கட்டிப்போட்டு, படகு சரியிறதை வேகமெண்டு நினைப்பினம்.

உங்கட பலவீனம் பாய் சுருக்க, அதாவது காத்துக் கூடேக்க பாயின்ர பரப்பைக் குறைக்க, பிந்துறது. 15 நொட் (நொட் எண்டா மணிக்கு ஒரு கடல்மைல்) காத்து முதுகில, படகு 6 நொட் எண்டா உடம்பில படுறது 9 தான். காத்தை எதிர்த்துத் திரும்பினா அது 20 ஆகும், பாயில விழுற பாரம் கிட்டத்தட்ட 5 மடங்கு. கச்சான் (தென்மேல் காத்து) கரையிலிருந்து வீசுறதால கரையோரத்தில அலை எழும்பாது. தண்ணியைப் பார்த்துப் பலத்தை மட்டுக்கட்டேலாது.

பாய் சுருக்கேக்க, மெயின் ஷீட்டை (பெரிய பாயின்ர ஷீட்) இளக்கி, பூமை (அந்தப் பாயின்ர அடிக்கம்பு) தாங்கிற கயிறை இறுக்கி, பாயை இறக்கி முன்மூலையைக் கொளுவுங்கோ. ஏத்திற கயிறைத் திரும்ப இறுக்கின பிறகுதான் பின்மூலைக் கயிறு. பின்மூலையை முதல் இழுத்தா முன்விளிம்பில பாரம் ஏறிப் பாய் கிழியும்.

இன்னொண்டு, லேசர் உடல் 59 கிலோ. இது 7, 8 தொன். ஷீட்டை விட்ட உடன நிக்காது, ஜெட்டிக்கு வரேக்க கவனம்.

வாடை:
நங்கூரத்தை விட்டிட்டியளே அண்ணை. தண்ணி 8 மீற்றர், அணியத்தின்ர (படகின்ர முன்பக்கம்) உயரம் 1, ஆக 9. முழுக்கச் சங்கிலி எண்டா 5 மடங்கு, 45 மீற்றர் விட வேணும். கயிறெண்டா 7 மடங்கு. பிறகு எஞ்சினை மெல்லப் பின்னுக்குப் போட்டு, கரையில முன்னும் பின்னுமா நிக்கிற ரெண்டு அடையாளத்தை ஒரே நேரில பிடிச்சுப் பாருங்கோ. அது விலத்திக்கொண்டே போனா நங்கூரம் இழுபடுது. இங்க கடல் கரைக்குக் கிட்டவே ஆழமாகிப் போகும், சங்கிலி நீளத்தை முதலே அளந்து வையுங்கோ. பக் பே (உள்துறைமுகத்துக்கு வெளியால இருக்கிற குடா) வடகிழக்குக்குத் திறந்தது, வாடைக் (வடகீழ் காத்து) காலத்தில அங்க நங்கூரம் போடாதேங்கோ.

நீலக்கடல்:
நன்றி. பின்காத்தில பூம் மாறினா?

சுக்கான்:
லேசரில கையால தட்டி மாத்திற பூம் இங்க மண்டையைப் பிளக்கும். பூம் நுனியிலிருந்து அணியக் கப்பி வழியாக் கயிறு கொண்டுவந்து, இருக்கிற இடத்தில கட்டுங்கோ. பூமின்ர நடுவில கட்டினா, நுனி தண்ணியில முட்டேக்க பூம் முறியும். பூமை மற்றப் பக்கம் திருப்ப முதல் அந்தக் கயிறை அவிட்டு, மெயின் ஷீட்டை நடுவுக்கு இழுத்து வையுங்கோ.

மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் வாற கப்பலிட்ட பந்தயத்தில மாதிரி வழி உரிமை கேக்காதேங்கோ. ஒடுங்கின வாய்க்காலில பாய்ப்படகு அதின்ர வழியை மறிக்கக் கூடாது, சர்வதேசக் கடல் விதி 9.