லெனார்ட் வுல்ஃப்: நல்ல அதிகாரியா, திமிர் பிடிச்ச துரையா?

வடலி:
1904 கடைசியில 24 வயசுப் பெடியனா சிலோன் சிவில் சர்விசுக்கு, அதாவது வெள்ளைக்காரன்ர இலங்கை நிர்வாக சேவைக்கு, வந்து யாழ்ப்பாணக் கச்சேரியில (அரசாங்க அலுவலகத்தில) வேலை பழகின இங்கிலீஷ்காரர் லெனார்ட் வுல்ஃபை இப்ப ஏகாதிபத்திய எதிரி எண்டு தூக்கிப் பிடிக்கினம், எனக்கெண்டா சரிவரேல்லை. பிரதான வீதியில குதிரையில இருந்து சவுக்கால எதையோ காட்டேக்க, வண்டியில போன ஒரு தமிழ் வக்கீலுக்கு வேணுமெண்டே முகத்தில அடிச்சவர் எண்டு முறைப்பாடு ஆளுநர் வரைக்கும் போனது.

கச்சேரிப்பூனை:
அண்ணை, கதையை அரைவாசியில விட்டிட்டியள். தான் அடிக்கேல்லை எண்டுதான் அந்தாள் கடைசிவரை சொன்னது. ஆனா “அவையின்ர ஊர் ரோட்டில நான் குதிரையில திமிராக் குந்தியிருந்ததே அவைக்கு முகத்தில அறைஞ்ச மாதிரித்தான்” எண்டு பிறகு தானே எழுதினவர். எந்தத் துரை அப்பிடி எழுதினவன் சொல்லுங்கோ? வந்த கடிதத்துக்கு அண்டைக்கே பதில் போகோணும் எண்டு கச்சேரியில சட்டம் வச்சதும் இவர்தான். இப்ப ஒரு கடிதம் போட்டுப் பாருங்கோவன் 😀

மதுரைக்காரன்:
பதில் சீக்கிரம் போச்சு சரிங்க, காசு எங்க போச்சு? 1906ல மன்னார் பக்கம் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்புல இவரும் டியூட்டி பாத்தாரு. மூச்சடக்கி முங்குனவன் கொண்டாந்த சிப்பிய மூணு குவியலா பிரிச்சு ரெண்டை சர்க்கார் எடுத்துக்கும், ஒண்ணுதான் அவனுக்கு. நேர்மையா எண்ணுனாருன்னு வேணா பாராட்டலாம்.

வடலி:
அதேதான். 1908ல தெற்கில இருக்கிற அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபரா (மாவட்டப் பொறுப்பதிகாரியா) போய், மாட்டுக்குக் கொள்ளைநோய் வந்தவுடன கட்டாமத் திரியிற மாடுகளைச் சுடச் சொன்னார், தானும் துவக்கோட போய்ச் சுட்டார். வயல் உழவும் வண்டி இழுக்கவும் மாட்டை நம்பியிருந்த சனம் என்ன பாடு பட்டிருக்கும்?

கச்சேரிப்பூனை:
நோய் பரவினா முழு மாடும் செத்திருக்குமே, கட்டி வையுங்கோ எண்டு முதலே சொன்னதுதானே. அதை விடுங்கோ, 1911ல லீவில போனவர் 1912ல வேலையை விட்டிட்டார், 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு நியாயம் கேட்டு லண்டன் போன இலங்கை ஆக்களுக்கு உதவினார், 1938ல பிரிட்டிஷ் தொழிற்கட்சிக்கு எழுதின குறிப்பில சிறுபான்மைக்குப் பாதுகாப்பு வேணும், சுவிஸ் மாதிரி சமஷ்டியை (கூட்டாட்சியை) யோசியுங்கோ எண்டார். எங்கட தலைவர்மாரே அப்ப அதைக் கேக்கேல்லை.

வடலி:
தம்பி, வேலையை விட்டது வர்ஜீனியாவை, பிறகு பெரிய நாவலாசிரியையா வந்த வர்ஜீனியா வுல்ஃபை, கலியாணம் கட்ட. லீவை நீட்டக் கேட்டார், காரணம் சொல்லு எண்டாங்கள், சொல்ல மாட்டன் எண்டு ராஜினாமாக் குடுத்தார். 1938 குறிப்பு நல்லதுதான், ஓம். ஆனா அதைக் காட்டி அம்பாந்தோட்டைக் கணக்கை அழிக்கப் பாக்காதேங்கோ.