புதுப்பிப்பு: கோத்தகிரி அக்கா கதவைச் சாத்திய பிறகு

போன மாதம் இங்கே எழுதியிருந்தேன்: பக்கத்து வீட்டு அக்காவிடம் இயேசுவைப் பற்றிப் பேசினேன், "எங்க சாமி எங்களுக்குப் போதும், இனி இந்தப் பேச்சு வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டார். ஏற்காதவரை விட்டு விலகிவிடு, காலின் தூசியை உதறிவிடு என்றே பலர் சொன்னீர்கள்.

பைபிளில் மத்தேயு 10-இல் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் லூக்கா 9-ஐயும் வாசித்தேன். ஏற்றுக்கொள்ளாத சமாரியர் கிராமத்தின்மேல் அக்கினி இறங்கட்டுமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இயேசு அதட்டியது சீஷர்களைத்தான். அப்புறம் பேசாமல் வேறொரு கிராமத்துக்குப் போய்விடுகிறார். அந்த இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனதில் இருந்தது கோபம், அக்காமேல் அன்பு இல்லை.

சனிக்கிழமை மழையில் அக்கா தேயிலை மூட்டையை முதுகில் சுமந்து ஏறி வந்தார். ஒரு முனையை நான் பிடித்தேன். ஈரச் சாக்கு கையில் வழுக்கியது. "அன்னைக்கு உங்களை விடாம வற்புறுத்தினது தப்பு அக்கா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் பேரனிடம் ஒரு பொட்டலம் வர்க்கி கொடுத்தனுப்பினார்.

இதே நீலகிரி மலையில், கேத்தி என்ற ஊரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு 1840-களில் வேலை தொடங்கியது. இந்த மலையில் வாழும் படகர் மக்களில் முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1858-இல். எனக்கு ஒரு மாதத்திலேயே பொறுமை போய்விட்டது.

அக்காவாகக் கேட்டால், பேதுரு சொல்வதுபோல் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்வேன். கேட்காவிட்டாலும் சரி, ஜெபத்தில் அவர் பெயர் தினமும் இருக்கும். நாளைக்கு அவர் வீட்டுக் கூரைத் தகரத்தைச் சரிசெய்யப் போகிறேன்.