சார்புநிலைக் கோட்பாடு எழுதிய கார்டோசோவும் பிரேசில் அதிபர் கார்டோசோவும் ஒரே ஆள்தானா?

காகிதக்கப்பல்:
சமூகவியல் முதுகலை படிக்கிறேன். இந்தப் பருவத்தில் சார்புநிலைக் கோட்பாடு வந்தது: ஏழை நாடுகளின் பொருளாதாரம் பணக்கார நாடுகளைச் சார்ந்தே இருக்கிறது, அதுதான் அவற்றின் நிலையைத் தீர்மானிக்கிறது என்பது. ஃபெர்னாண்டோ என்ரிக்கே கார்டோசோ, என்சோ ஃபலேட்டோ இருவரும் 1969இல் வெளியிட்ட நூலை அரையும் குறையுமாகப் படித்தேன். அப்புறம் பெயரைத் தேடினால், 1995 முதல் 2002 முடிய பிரேசில் அதிபராம்! வாலே சுரங்க நிறுவனத்தையும் டெலிப்ராஸ் தொலைபேசியையும் தனியாருக்கு விற்றவராம். எப்படி ஒத்துப்போகிறது இது?

கணக்குப்பிள்ளை:
பதவி வந்தது, கொள்கை போனது. "நான் எழுதியதை மறந்துவிடுங்கள்" என்று அவரே சொன்னாரே. இதில் ஆராய என்ன இருக்கிறது?

பழைய வாத்தியார்:
அப்படிச் சொல்லவே இல்லை என்று கார்டோசோ மறுத்துக்கொண்டே இருக்கிறார், கணக்குப்பிள்ளை. எதிராளிகளுக்கு வசதியான வாக்கியம், அதனால் ஒட்டிக்கொண்டது.

காகிதக்கப்பல், இந்தப் பாடத்தைப் பல வருடம் நடத்தியவன் நான். நூலை மறுபடி படியுங்கள். சார்ந்திருக்கும் நாடு வளரவே முடியாது என்று அதில் இல்லை. சார்பும் வளர்ச்சியும் சேர்ந்தே நடக்கலாம், உள்நாட்டில் யார் யாரோடு கூட்டுச் சேருகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்கிறார்கள். தனியார்மயம் சரியா என்பது வேறு வழக்கு (எனக்கு உடன்பாடில்லை). ஆனால் நூலுக்கும் ஆட்சிக்கும் நடுவில் நீங்கள் நினைக்கும் அளவு பள்ளம் இல்லை.

எனக்குச் சுவாரசியம் வேறு இடத்தில். 1964 ராணுவப் புரட்சிக்குப் பிறகு சிலிக்குப் போனவர், திரும்பி வந்து சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1969இல் ராணுவ ஆட்சி கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. வயது 37! வகுப்பறையை அவராக விடவில்லை, பிடுங்கினார்கள்.

1985இல் சாவோ பாவ்லோ மேயர் தேர்தல். விவாதத்தில் ஒரு பத்திரிகையாளர், "கடவுளை நம்புகிறீர்களா?" என்று கேட்டார். ஆம், இல்லை என்று முடிக்க வேண்டிய இடம். இவரோ, இதைக் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தீர்களே என்று இழுத்தார். போதாக்குறைக்கு, வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் மேயர் நாற்காலியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். ஜெயித்தது ஜானியோ குவாட்ரோஸ். அவர் பொறுப்பேற்றதும் நிருபர்கள் முன்னாலேயே அந்த நாற்காலிக்கு மருந்தடித்தார்! என் மாணவர்கள் கோட்பாட்டை மறந்திருப்பார்கள், இதை மறந்திருக்க மாட்டார்கள்.

எட்டு வருடம் கழித்து, 1993 மே மாதம், வெளியுறவு அமைச்சராக இருந்தவரை அதிபர் இத்தமார் ஃபிராங்கோ நிதிக்கு மாற்றினார். ஓராண்டுக்குள் நாலாவது நிதி அமைச்சர். அந்த வருடப் பணவீக்கம் 2,000 சதவீதத்துக்கும் மேல். இவர் பொருளாதார நிபுணரே இல்லை. பெர்சியோ அரிடா, எட்மார் பாஷா போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டார். 1994 மார்ச் 1 முதல் யூ.ஆர்.வி. என்றொரு கணக்கு அலகு வந்தது. அது நோட்டு அல்ல. சம்பளத்தையும் விலையையும் அதில் குறிப்பார்கள், காசை மட்டும் பழைய நாணயத்தில், அன்றைய மதிப்புக்குக் கொடுப்பார்கள். பழைய நாணயத்தில் விலை தினமும் ஏறும், யூ.ஆர்.வி.யில் ஏறாது. மக்கள் பழகியதும், ஜூலை 1 அன்று அந்த அலகையே 'ரியால்' என்ற நாணயமாக்கினார்கள். 2,750 பழைய க்ருசேய்ரோ ரியாலுக்கு ஒரு புது ரியால். பணவீக்கத்தை அடக்க வந்த முந்தைய திட்டங்களில் விலையை ஒரே இரவில் உறையவைத்தார்கள், ஒருமுறை வங்கிக் கணக்கையே முடக்கினார்கள். இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தார்கள். இந்தத் தலைசுற்றும் ஏற்பாட்டைத் தொலைக்காட்சியில் பொறுமையாக விளக்கியவர் நம்ம பேராசிரியர். அக்டோபரில் லூலாவை முதல் சுற்றிலேயே 54 சதவீத வாக்கு வாங்கித் தோற்கடித்தார். நூலுக்காக யாரும் ஓட்டுப் போடவில்லை, வகுப்பெடுத்ததற்காகப் போட்டார்கள் என்பது என் கட்சி.

கணக்குப்பிள்ளை:
வகுப்பெடுத்ததற்கா, விலை நின்றதற்கா? ஜூலை 1 அன்று நிதி அமைச்சர் ரூபென்ஸ் ரிக்குபெரோ, கார்டோசோ அல்ல. தேர்தலில் நிற்க மார்ச் கடைசியிலேயே விலகிவிட்டார். அப்புறம், அதிபர் மறுபடி போட்டியிட 1997இல் அரசியல் சாசனத்தையே திருத்தி, 98இல் இவரே நின்றார். அதையும் பாடத்தில் சேருங்கள்.

பழைய வாத்தியார்:
சேர்த்தாயிற்று. திருத்தம் அவருக்கு அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன். விலை நின்றதும் உண்மை. ஆனால் மார்ச்சில் மக்கள் யூ.ஆர்.வி.யை நம்பாவிட்டால் ஜூலையில் நின்றிருக்காது. ரிக்குபெரோவை நினைவுபடுத்தியதற்கு நன்றி. பேட்டி இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்து, நல்லதைக் காட்டுவோம் கெட்டதை மறைப்போம் என்று பேசியதைச் செயற்கைக்கோள் தட்டு வைத்திருந்தவர்களெல்லாம் கேட்டுவிட, செப்டம்பரில் அவர் பதவியும் போனது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

காகிதக்கப்பல்:
நன்றி, சார். நாற்காலிப் படம் கிடைத்துவிட்டது. சிரிக்கிறார், பாவம்.