பொழியில் பேடில் போர்டு, கையில் தூண்டில்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பொழிக்காரன்
கன்னியாகுமரி பக்கம் மணக்குடி பொழி, ஆறு கடலில் சேரும் இடம். போன ஐப்பசியில் மழை விட்டு இரண்டு நாள் இருக்கும். பழையாறு கலங்கி, தண்ணீர் கடலைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. நின்றுகொண்டே துடுப்பு போடும் பலகைதான் பேடில் போர்டு, நான் அதில் ஏறுவது அது மூன்றாவது தடவை. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், கணுக்காலில் லீஷும் (காலையும் போர்டையும் இணைக்கும் கயிறு) உண்டு. வலைக்கு நட்டிருந்த கம்பில் இடித்து விழுந்தேன். போர்டு கம்புக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் லீஷ்.

கால் கம்போடு, தலை கடல் பக்கம். தண்ணீர் முதுகில் ஏறி முகத்தை அமுக்குகிறது. குனிந்தால் கணுக்காலுக்கு நான்கு விரல்கடை தூரம்தான், எட்டவில்லை. கத்தி போர்டில் கட்டிய மீன்பெட்டிக்குள். அந்தப் பெட்டியின் மஞ்சள் மூடி கண்முன்னே ஆடியது இன்றைக்கும் கனவில் வருகிறது. வள்ளத்தில் வந்த ஒரு பெரியவர் லீஷை அறுத்துவிட்டு, "லே, ஓடுற தண்ணியில எவனாவது கால்ல கயித்தக் கெட்டிக்கிட்டு எறங்குவானா?" என்றார்.

முட்டம் மேற்கு
தம்பி, இதைப் படித்துவிட்டு நாலு பேர் கடலிலும் லீஷைக் கழற்றிவிடப் போகிறார்கள். பொழிக்கும் ஆற்றுக்கும் இடுப்பில் கட்டி, இழுத்தால் சட்டென்று கழலும் லீஷ். கடலில் லீஷ் இல்லாமல் போகவே கூடாது. விழுந்தால் காற்று போர்டைக் கொண்டுபோய்விடும், நீந்திப் பிடிக்க முடியாது.

என் கதை கரைக்காற்று, கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் காற்று. விடியற்காலை முட்டத்தில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. ஒரு பாரை மாட்டிய சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தால் கலங்கரை விளக்கம் விரலளவுக்குச் சின்னதாகிவிட்டது. நின்று துடுப்பு போட்டால் உடம்பே பாயாகி இன்னும் வெளியே தள்ளுகிறது. கடைசியில் தூண்டிலை விட்டுவிட்டு, குப்புறப் படுத்துக் கையால் தள்ளித் தள்ளி ஒன்றரை மணி நேரம். நெஞ்சுத்தோல் உரிந்துவிட்டது.

கெளுத்திக்குப் பயந்தவன்
எனக்கு நடந்தது சின்னது. தூண்டில் முள்ளைக் கழற்றும்போது கெளுத்தி மீன் உள்ளங்கையில் குத்திவிட்டது, கரைக்கு வரும் வரை அழுதேன். தாங்கும் சூட்டில் வெந்நீரில் முக்கிய பிறகுதான் கடுப்பு அடங்கியது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதல் பத்துத் தடவை தூண்டிலே வேண்டாம். வேண்டுமென்றே விழுந்து, ஆழத்தில் திரும்ப ஏறப் பழகுங்கள். விழும்போது போர்டுக்கு அப்பால் தட்டையாக விழவேண்டும், தலைகீழாகப் பாயக்கூடாது. கத்தியும் விசிலும் ஜாக்கெட்டில் இருக்கட்டும், பெட்டியில் அல்ல (மேலே பார்த்தீர்களே). போன் தண்ணீர் புகாத உறையில், கழுத்தில். ஆபத்தில் கூப்பிட 1093 கடலோரக் காவல் போலீஸ், 1554 இந்தியக் கடலோரக் காவல்படை. ஒற்றை முள் போதும். மும்முள் காற்றடைத்த போர்டுக்கும் தொடைக்கும் ஆகாது. தங்கூசியை (தூண்டில் நரம்பை) கையில் சுற்றாதீர்கள். நங்கூரம் போட்டால் ஒரே இழுப்பில் விடுபடும் முடிச்சு. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒரு ஆளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். "சும்மா கடற்கரைக்கு" என்றால் யாரும் தேடமாட்டார்கள்.

குளச்சல்காரி
கருவியைப் பற்றியே பேசுகிறீர்களே, கடலை யார் பார்ப்பது? கள்ளக்கடல் என்று கேள்விப்பட்டதில்லையா? இங்கே காற்றே இருக்காது. எங்கோ தெற்கே அடித்த புயலின் அலை வந்து கரையில் ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் மூழ்கி இறந்தார்களே, அப்போது இன்காய்ஸ் (கடல் நிலையைச் சொல்லும் மத்திய அரசு மையம்) எச்சரிக்கை இருந்தது. என் அப்பா கட்டுமரக்காரர். மரத்தை இறக்குமுன் கால்மணி நேரம் மணலில் உட்கார்ந்து அலையை எண்ணுவார். எட்டு வயதில் நான் "போகலாம்ப்பா" என்று கையை இழுத்தேன். அன்றைக்கு மரத்தைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டார். மதியம் அந்த மணல் முழுக்கத் தண்ணீர்.

பொழிக்காரன்
முட்டம் அண்ணன் சொன்னது சரிதான், நான் கடலுக்குச் சொல்லவில்லை. இடுப்பு லீஷ் வாங்கிவிட்டேன். கழற்றும் உருண்டையை வீட்டில் கண்ணை மூடி இழுத்துப் பார்க்கிறேன், அம்மா சிரிக்கிறாள். மணக்குடிக்கு மட்டும் இன்னும் போகவில்லை.