கடை மெஷின் இனிட்ராம்எஃப்எஸ் என்று நிற்கிறது, ரூட் டிவைஸ் இல்லையாம். டிஸ்க் செத்துவிட்டதா?

டைக்_வீதிக்_கடை:

வணக்கம். டைக் வீதிப் பக்கம் சின்னதாக ஒரு போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கடை மெஷினில் டெபியன் 12 லினக்ஸ் மட்டும்தான், விண்டோஸை எப்போதோ அழித்துவிட்டேன். நேற்று முன்தினம் இரவு மழையோடு கரண்ட் போய்ப் போய் வந்தது, காலையில் மெஷினைப் போட்டால் கிரப் மெனு (எந்தச் சிஸ்டத்தை ஏற்றுவது என்று கேட்கிற பட்டியல்) வழக்கம்போல வருகிறது, என்டரை அமத்தினால் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் கறுப்புத் திரையில் ரூட் டிவைஸுக்காக (சிஸ்டம் இருக்கிற டிஸ்க் பகுதி) காத்திருந்து கைவிட்டாயிற்று என்று ஒரு வசனம், இன்ன யூயூஐடி (டிஸ்க் பகுதியின் அடையாள எண்) இல்லை என்று ஒரு அலேர்ட், கடைசியில் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதலில் ஏறுகிற சின்னத் தற்காலிகச் சிஸ்டம்) என்று அடைப்புக்குள் போட்டுக் கேர்சர் மினுங்கிக்கொண்டு நிற்கிறது.

பென் ட்ரைவிலிருந்து இன்ஸ்டாலரை ஏற்றிப் பார்த்தேன், டிஸ்க்கே இல்லை என்கிறது. டவுனில் ஒரு ரிப்பேர் கடையில் கேட்டேன், எஸ்எஸ்டி செத்துவிட்டது, புதிது போட வேண்டும், உள்ளே இருந்ததற்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றால் உயர்தரப் பிள்ளைகளின் வினாத்தாள்கள், கல்யாணக் கார்ட்டுகள், பாமினி எழுத்துருவில் அடித்த எத்தனையோ வருடத்து விண்ணப்பங்கள். கொப்பி எடுத்து வைக்கவில்லை, அதற்கு ஏச வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே ஏச்சு வாங்கிவிட்டேன்.

எதற்கும் சொல்லி வைக்கிறேன், பயோஸுக்குள் போனால் திகதி 2018 என்று காட்டுகிறது. போனில் தமிழ் விசைப்பலகைதான், கட்டளைகளை ஒலிப்படி எழுதினாலும் எனக்கு விளங்கும்.

வாடைக்காற்று:

எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கிற கட்டளை) போட்டுப் பாருங்கள் அண்ணா, கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டம் குழம்பும். எனக்கும் இதே மாதிரி வந்து எஃப்எஸ்சிகே ஹைஃபன் ஒய் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

கிண்ணியா_வயர்மேன்:

தம்பி வாடைக்காற்று, உங்களுக்கு வந்தது வேறு. அங்கே டிஸ்க் இருந்தது, அதன் ஃபைல் சிஸ்டம் குழம்பியிருந்தது, கையால் எஃப்எஸ்சிகே ஓட்டு என்று திரையே சொல்லியிருக்கும். இரண்டுக்கும் ஒரே இனிட்ராம்எஃப்எஸ் திரைதான் வருகிறது, அதனால்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். இங்கே டிவைஸே இல்லை என்கிறது. இல்லாத டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே எதைச் சரிபார்க்கும்?

கடைக்காரருக்கு: அந்த இடத்திலேயே பிளாக்ஐடி என்று அடித்து என்டர் அமத்துங்கள், தெரிகிற டிஸ்க் பகுதிகளை யூயூஐடியோடு அது பட்டியலிடும். என்ன வருகிறது என்பதில்தான் முழு விசயமும் இருக்கிறது. அலேர்ட்டில் சொன்ன அதே யூயூஐடி பட்டியலில் இருந்தால், டிஸ்க் பிந்தி எழும்பியிருக்கிறது என்று அர்த்தம், எக்ஸிட் என்று அடித்தாலே பூட் ஆகி மேலே போகும் (யூஎஸ்பி டிஸ்க்கில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும், கிரப்பில் ரூட், டிலே இரண்டையும் ஒரே சொல்லாகச் சேர்த்த அளவுருவுக்கு 10, 15 என்று கொடுத்தால் அத்தனை செக்கன் பொறுத்திருக்கும்). பார்ட்டிஷன் இருக்கிறது ஆனால் யூயூஐடி வேறு என்றால் கிரப் பழைய முகவரியை வைத்துக்கொண்டு தேடுகிறது. பட்டியலில் ஒன்றுமே இல்லையென்றால் கேர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) டிஸ்க் தெரியவில்லை, பிறகு கிரப்பைத் தோண்டுவதில் பலனில்லை.

டிஸ்க் எந்த வகை, சாட்டா வயர் போட்டதா, போர்டில் நேரே செருகுகிற என்விஎம்இயா?

டைக்_வீதிக்_கடை:

நானா, பிளாக்ஐடி அடித்தால் ஒரு வரிகூட வரவில்லை, அப்படியே அடுத்த வரிக்கு வந்து நிற்கிறது. டிஸ்க் என்விஎம்இதான், 256 ஜிபி, போர்டில் செருகி ஒற்றை ஸ்குரூ போட்டது. கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டேன், மாற்றமில்லை. கடற்கரைப் பக்கம் என்பதால் உப்புக்காற்றில் பின் கறுத்திருக்குமோ என்று நினைத்தேன், பளபளவென்றுதான் இருக்கிறது. இன்னொன்று, பயோஸுக்குள் டிஸ்க்கின் பெயர் காட்டுகிறது. செத்ததற்குப் பெயர் காட்டுமா?

உவர்மலைக்_கிழவன்:

புதுசு வாங்க வேண்டாம். காசைப் பொக்கற்றில் வையுங்கள்.

ஒன்று யோசியுங்கள். கிரப் மெனு வந்தது என்கிறீர்கள். அது எங்கிருந்து வந்தது? அதன்பிறகு கேர்னல் ஏறியது, இனிட்ராம்எஃப்எஸ் ஏறியது, இவை எல்லாம் எங்கே இருந்தன? அதே டிஸ்க்கில்தானே, வேறு டிஸ்க் உங்களிடம் இல்லையே. செத்த டிஸ்க் இவ்வளவையும் எடுத்துக் கொடுக்காது. அதுவரைக்கும் டிஸ்க்கை வாசித்தது பயோஸ், அதாவது போர்டின் உள்ளே இருக்கிற யூஇஎஃப்ஐ, தன் சொந்த ட்ரைவரால். கேர்னல் கைக்கு வந்ததும் அது தன் ட்ரைவரால் முதலிலிருந்து தேட வேண்டும். முதல் ஆளுக்குத் தெரிந்தது இரண்டாவது ஆளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

ஏன் தெரியவில்லை என்பதற்கு விடையை நீங்களே எதற்கும் சொல்லி வைக்கிறேன் என்று எழுதிவிட்டீர்கள். பயோஸில் 2018 என்றால் மதர்போட்டின் பற்றரி முடிந்துவிட்டது. சுவிட்ச் போர்டில் கரண்ட் இருந்தவரை அதன் தயவில் நேரமும் செற்றிங்கும் நின்றன, இரவு கரண்ட் போனதும் பயோஸ் எல்லாவற்றையும் மறந்து, தயாரித்தபோது வைத்த நிலைக்குத் திரும்பிவிட்டது. இன்டெல் சிப் உள்ள பிராண்ட் மெஷின்கள் சிலவற்றில் அந்தத் தொடக்க நிலையே ரெய்ட் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஆளுகிற முறை) தான், ஆர்எஸ்டி என்றும் போட்டிருப்பார்கள். அந்த நிலையில் என்விஎம்இ டிஸ்க்கை அது சாட்டா கன்ட்ரோலருக்குப் பின்னால் ஒளித்து வைக்கும், லினக்ஸுக்கு அதைக் காண வழியில்லை. இன்ஸ்டாலருக்கும் காணாமல் போனது இதனால்தான். லினக்ஸ் போட்ட நாளில் நீங்களோ போட்டுத் தந்தவரோ ஏஎச்சிஐ (டிஸ்க்கை ஒளிக்காமல் நேரே காட்டுகிற சாதாரண முறை) என்று மாற்றியிருப்பீர்கள், யாருக்கு அது ஞாபகம் இருக்கும்.

உறுதிப்படுத்த வேண்டுமென்றால் டிமெஸ்ஜி (கேர்னலின் செய்திகளைக் காட்டுகிற கட்டளை) என்று அடித்து, பைப் போட்டு, கிரெப் கொடுத்து ரீமேப்ட் என்ற சொல்லைத் தேடுங்கள். ஒரு ரீமேப்ட் என்விஎம்இ டிவைஸைக் கண்டேன், பயோஸை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்று என்று கேர்னலே வாய்விட்டுச் சொல்லியிருக்கும். ஆயிரம் வரிக்குள் அதை யார் வாசிக்கிறார்கள். பிறகு பயோஸில் சாட்டா ஒபரேசன் அல்லது ஸ்டோரேஜ் என்ற இடத்தில் ஏஎச்சிஐயைத் தெரிவு செய்து சேமியுங்கள். லினக்ஸ் மட்டும் என்பதால் பயமில்லை. விண்டோஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு அவசரப்பட்டு மாற்றாதீர்கள், ரெய்டில் போட்ட விண்டோஸ் ஏஎச்சிஐயில் நீலத் திரையோடு நிற்கும், முதலில் சேஃப் மோடுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

மூதூர்_வாத்தியார்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு பழைய மெஷின், அதுவும் இதே திரையில் நிற்கிறது, ஆனால் எனக்குப் பிளாக்ஐடியில் எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று எல்லாம் வருகிறது, யூயூஐடிதான் வேறு. பழைய ஹாட் டிஸ்க்கில் இருந்ததைப் புது எஸ்எஸ்டிக்கு ஆர்சிங்க் (ஃபைல்களைக் கொப்பி செய்கிற கட்டளை) மூலம் மாற்றினேன், கிரப்பையும் புதிதில் போட்டேன்.

கிண்ணியா_வயர்மேன்:

சேர், டிடி என்ற கட்டளையால் டிஸ்க்கை முழுதாக அப்படியே கொப்பி அடித்திருந்தால் யூயூஐடியும் கூடவே வந்திருக்கும். நீங்கள் புது டிஸ்க்கை ஃபோர்மட் செய்து ஃபைல்களை மட்டும் கொண்டுவந்திருக்கிறீர்கள், ஃபோர்மட் செய்யும்போதே புது யூயூஐடி பிறந்துவிடும். வீடு மாறியாயிற்று, கடிதம் பழைய விலாசத்துக்குப் போகிறது.

கிரப் மெனுவில் ஈ என்ற எழுத்தை அமத்துங்கள், லினக்ஸ் என்று தொடங்குகிற நீள வரியில் ரூட் சமன் யூயூஐடி என்று இருப்பதை அழித்து, அந்த இடத்தில் உங்கள் ரூட் பார்ட்டிஷனின் பெயரைப் போடுங்கள், டெவ் சாய்கோடு எஸ்டிஏ2 என்றோ எதுவோ. கன்ட்ரோலும் எக்ஸும் சேர்த்து அமத்தினால் பூட் ஆகும். இது அந்த ஒரு தடவைக்குத்தான். உள்ளே போனதும் ஈடிசிக்குள் எஃப்எஸ்டேப்பை (எந்தப் பகுதியை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) திறந்து ரூட்டுக்கும் ஸ்வாப்புக்கும் புது யூயூஐடியை எழுதுங்கள், எழுத விடவில்லை என்றால் ரூட்டை முதலில் ஆர்டபிள்யூ (வாசிக்கவும் எழுதவும் அனுமதி) கொடுத்து ரீமவுண்ட் செய்யுங்கள், பிறகு அப்டேட் கிரப், அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் இரண்டையும் ஓட்டுங்கள். எஸ்டிஏ2 என்றே நிரந்தரமாக விடலாமே என்று தோன்றும், வேண்டாம், இன்னொரு டிஸ்க் செருகிய நாளில் எஸ்டிஏ எஸ்டிபி ஆகிவிடும்.

டைக்_வீதிக்_கடை:

வந்துவிட்டது!! டிமெஸ்ஜியில் ஐயா சொன்ன வரி அச்சடித்த மாதிரி இருந்தது. எஃப்2 அமத்தி உள்ளே போனால் ரெய்ட் ஒன் (ஓஃப் இல்லை, ஒன்) என்று டிக் போட்டுக் கிடந்தது, ஏஎச்சிஐ ஆக்கிச் சேமித்தேன், மெஷின் ஒன்றும் நடக்காத மாதிரி எழும்பிவிட்டது. வினாத்தாள் எல்லாம் பத்திரம். பிரவுசரில் ஒரு தளமும் திறக்காமல் சான்றிதழ் பிழை என்று அடம்பிடித்தது, திகதியைத் திருத்தியதும் அதுவும் சரி.

பற்றரியைக் கழற்றி மீற்றரில் பிடித்தோம், 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 1 சொச்சம். சிஆர்2032, மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைத்தது. புது எஸ்எஸ்டி வாங்கச் சொன்னவர்களிடம் போய்ச் சொல்லவா விடவா என்று யோசிக்கிறேன்.

உவர்மலைக்_கிழவன்:

விடுங்கள், அவர்களும் இன்ஸ்டாலரில் டிஸ்க் இல்லை என்று வந்ததைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பதிலாக ஒரு யூஎஸ்பி டிஸ்க் வாங்கி இன்றைக்கே கொப்பி எடுங்கள். ஏசவில்லை.

மூதூர்_வாத்தியார்:

எனக்கும் சரி. எஃப்எஸ்டேப்பில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு எழுதி இன்னொரு தடவை அதே திரையைப் பார்த்தேன், இரண்டாம் முறை பிள்ளை ஒருவனை வாசிக்கச் சொல்லி நான் அடித்தேன். அவன் இப்போது மற்ற மெஷின்களையும் கிரப்பில் ஈ அமத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறான், போய் நிறுத்த வேண்டும்.